பஞ்சு சிவக்காத இடம்

திரவச் சோப்புப் பாட்டிலைப் பில்சுன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நேற்றுக் கடை அடைக்கும்போது பென்சிலால் போட்டுவைத்த கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மூடியைத் திறந்து மோந்தாள். எலுமிச்சை வாசனை. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தாள். வழக்கமான வழவழப்புத்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"அக்கா, அதுல என்ன தேடுறீங்க?" பயறுமுளைக் கூடையோடு பின்கட்டிலிருந்து வந்த ஹேரான் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. தீந்துபோச்சான்னு பாத்தேன்."

"தீந்தா நான் சொல்ல மாட்டேனா?"

"சொல்லுவே, சொல்லுவே. நீ சொல்லாம விடுறது எதுன்னுதான் எனக்குத் தெரியல."

ஹேரான் கூடையைத் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பாட்டிலில் இருந்த பென்சில் கோட்டை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள சந்தையில் இருபத்திரண்டு வருடமாகத் தொடுகறிக் கடை நடத்துபவள் பில்சுன். காலை ஏழு மணிக்குள் பதினெட்டு வகை தயாராகிவிடும். நெத்திலி வறுவல், சோயாவில் ஊறிய பூண்டு, கீரை மசியல், மிளகாய் விழுதில் ஊறிய நாலு விதக் கிம்ச்சி. கரண்டியால் கிளறினால் அந்த ருசி வராது, கையால் பிசையவேண்டும். "பில்சுன் கை பட்டாத்தான் கீரை கீரையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அந்தக் கைதான் இப்போது கெட்டுக் கிடந்தது. வலது மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வெடித்து நீர் கசிந்தது. புறங்கையிலும் விரலிடுக்கிலும் தோல் உரிந்து வெடித்திருந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டு, அதன்மேல் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தாள். கையுறைக்குள் வேர்க்க வேர்க்க அரிப்பு உயிரை வாங்கியது. எதிர் அடுக்குமாடியிலிருந்து வரும் ஆசிரியை, சில்லறை வாங்கும்போது அந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். பிறகு அவள் இந்தப் பக்கம் வரவே இல்லை.

இந்தக் கைக்கு ஒரு காரணம் வேண்டும். பில்சுன் அதைத் தேடிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் பளபளத்துக்கொண்டிருந்த வளையல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேடினாள்.

*

வளையல் வந்த கதை இது.

சந்தை முனையில் மூடிக்கிடந்த மேசை நாற்காலிக் கடையின் மாடியை, செப்டம்பரில் யாரோ வாடகைக்கு எடுத்து விற்பனைக் கூட்டம் நடத்தும் மண்டபம் போட்டார்கள். போகிற பெண்களுக்கெல்லாம் இரண்டு சுருள் கழிப்பறைக் காகிதம், ஒரு தட்டு முட்டை இலவசம். கருவாட்டுக் கடைத் தோக்நிம்தான் பில்சுனை இழுத்துப் போனாள். "சும்மா உக்காந்து கை தட்டிட்டு முட்டைய வாங்கிட்டு வா. நமக்கு என்ன போச்சு?"

மேடையில் நின்றவனை எல்லாரும் டீம் லீடர் என்றார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கிழவிகளின் முழங்காலைப் பிடித்துவிட்டான், பாட்டுப் பாடினான், எல்லாரையும் "அம்மா, அம்மா" என்றான். நாலாம் நாள் பில்சுனின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, உங்க கை ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு? வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"ரெண்டு வருசம் ஆச்சு. முட்டைக்கோஸ் உப்புல போட்டுக்கிட்டிருந்தார். தொட்டி பக்கத்துலயே சாஞ்சிட்டார்."

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வரவழைத்தானோ, தானாக வந்ததோ. "ரத்தம் தேங்கிப்போனா அப்படித்தான்மா. அன்னைக்கு அப்பா கையில இது மட்டும் கெடந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திவிட்டான். பிறகு அவன் விற்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஜெர்மானியம் என்ற தாது பதித்த வளையல், ரத்தத்தை ஓடவைக்கும் என்றான். பில்சுன் மறுநாளே வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பத்து நாளில் அரிப்புத் தொடங்கியது. ஓடிப்போய்க் காட்டினாள். அவன் அதைப் பார்த்து முகம் மலர்ந்து, மணிக்கட்டை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தான்.

"பாத்தீங்களா! நஞ்சு வெளியேறுது! இத்தனை வருசம் ஒடம்புல தேங்கிக் கெடந்ததெல்லாம் தோல் வழியா வருது. அரிக்கலேன்னாத்தான் கவலைப்படணும்!"

கைதட்டல் எழுந்தது. நல்ல மருந்து முதலில் உடம்பைப் புரட்டிப்போடும் என்று மூலிகை வைத்தியர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே இருந்த எல்லாரும். அதனால் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. சொல்லப்போனால் பில்சுன்மேல் பொறாமைதான் வந்தது. மறுநாள் அதே வளையலை மாட்டியிருந்த தோக்நிம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமே வரலியே. என் ஒடம்புல நஞ்சு அவ்வளவு ஆழமாவா போயிருக்கு?" என்று வருத்தப்பட்டாள்.

டீம் லீடர் கடைசியாக ஒன்று சொன்னான். "வீட்டுல, கடையில யாராவது கழட்டிடுன்னு சொல்லுவாங்க. சொல்றது யாருன்னு மட்டும் கவனிச்சு வெச்சுக்குங்கம்மா. நீங்க நல்லா இருக்கறது பிடிக்காதவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க."

அந்த வாரமே ஹேரான் சொன்னாள்.

"அக்கா, அந்த வளையலக் கழட்டுங்க. அதுதான் அரிக்குது."

பில்சுனின் கை கீரையில் அப்படியே நின்றது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"இங்க வர்றதுக்கு முந்தி சிங்தாவ்ல தோடு, சங்கிலி செய்யற கம்பெனியில ஆறு வருசம் இருந்தேன். மேல பளபளன்னு தெரியறது முலாம். அடியில நிக்கல் இருக்கும். வேர்வையும் உப்பும் பட்டாக் கரைஞ்சு தோலுக்குள்ள போவும். எங்க வரிசையில பாதிப் பேருக்குக் கை இப்படித்தான் இருந்துச்சு."

"சீனாவுல செய்யற சரக்கு அப்படி இருக்கும். இது ஜப்பான் தொழில்நுட்பம்."

"யார் செஞ்சாலும் நிக்கல் நிக்கல்தானே அக்கா?"

"என் வீட்டுக்காரர் உசிரோட இருந்திருப்பார் இது இருந்திருந்தா! அதப் போயி நீ..." ஹேரான் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு வளையல் பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஆனால் யார் கழட்டச் சொல்கிறார்கள் என்று கவனிக்கச் சொன்னது பில்சுனின் காதிலேயே இருந்தது.

*

நாலு வருடத்துக்கு முன் யான்பியனிலிருந்து வந்தவள் ஹேரான். அவள் பாட்டன் காலத்தில் எல்லையிலுள்ள தூமன் ஆற்றைத் தாண்டிச் சீனாவுக்குப் போன குடும்பம். பேசுவது அதே மொழிதான், ராகம் வேறு. வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மாறும். "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் கைப்பையை மறுபக்கம் மாற்றிக்கொள்வார்கள். பில்சுன் அப்படிக் கேட்காதவளாக இருந்தாள். கடைக்குப் பின்னால் ஓர் அறையைக் கொடுத்தாள். கணவர் இறந்த மாதத்தில் பதினெட்டு வகையையும் தனி ஆளாகச் செய்து கடையைத் திறந்து வைத்தவள் ஹேரான்தான்.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய நன்மைகளுக்கும் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. எதற்காக அப்போது அவ்வளவு உழைத்தாள்? கடை எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ளத்தானே? போன மாதம் ஏன் வேறு சோப்பு வாங்கினாள்? யான்பியனிலிருந்து அவள் அத்தை அனுப்பிய மிளகாய்ப் பொடியில் என்ன கலந்திருந்தது?

பில்சுன் மிளகாய்ப் பொடியை மாற்றினாள். சோப்பை மாற்றினாள். தன் கிண்ணத்தையும் கரண்டியையும் தனியாகக் கழுவி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு வாரம் சிவப்பு அடங்கும், மறு வாரம் திரும்ப வரும். நடுவில் மூன்று நாள் ஹேரான் அன்சானில் இருக்கும் சித்தப்பா மகனைப் பார்க்கப் போனாள். அந்த மூன்று நாளும் அரிப்பு அதிகமாகத்தான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். பில்சுனுக்குத் தீரவில்லை. "போறப்ப எதையோ வெச்சிட்டுப் போயிருக்கா" என்று நினைத்தாள். அவள் இருந்தால் அவளால் வந்தது. இல்லாவிட்டால் விட்டுப் போனதால் வந்தது.

"அவ கண்ணப் பாத்தியா நீ?" என்றாள் தோக்நிம், நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டே. "உங்கிட்ட சமையல் பக்குவம் பூரா கத்துக்கிட்டா. உன் கை போச்சுன்னா கடை யாருக்குப் போவும்? உனக்குப் புள்ளையா குட்டியா?"

பில்சுன் இதை யோசிக்காமல் இல்லை. ஆனால் இன்னொரு வாயிலிருந்து கேட்டபோது அது உண்மை போல ஒலித்தது. அன்று சாயங்காலத்துக்குள் வரிசையில் இருந்த எல்லாக் கடைக்கும் அந்தப் பேச்சுப் போய்ச் சேர்ந்துவிட்டது.

*

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு இருவரும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போவது வழக்கம். முதுகு தேய்த்துவிட ஆள் இல்லாதவர்களுக்குத்தான் அந்த வழக்கத்தின் அருமை தெரியும். சந்தேகம் வந்த பிறகும் பில்சுன் அதை நிறுத்தவில்லை. தன் முதுகைத் தேய்க்க வேறு யாரும் இல்லை என்பதால்.

வளையலை அவள் கழட்டுவது அங்கே மட்டும்தான். வெக்கை அறைக்குள் உலோகம் போட்டுக்கொண்டு போனால் சுட்டுவிடும் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். சோப்பிலும் பொடியிலும்தான் சந்தேகம் என்பதால், கழட்டி ஹேரானிடமே கொடுத்துவிட்டுப் போவாள். வழக்கமாக அரை மணி நேரம் உள்ளே இருப்பாள். நவம்பர் முதல் ஞாயிறு, வெப்பத்தில் அரிப்புப் பொறுக்கமுடியாமல், ஐந்தே நிமிடத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

உடை மாற்றும் அறையின் மூலையில், மின்விசிறிக்குக் கீழே, ஹேரான் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையில் வளையல். வலது கையில் பொடித் தூரிகை. மடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி. வளையலின் உட்பக்கத்தில் எதையோ மெல்ல, மிகக் கவனமாகத் தடவிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துளைக்கும் ரசாயன வாடை.

பில்சுன் நேரே அவள் முன்னால் போய் நின்றாள்.

"என்னடி பூசுறே அதுல?"

ஹேரான் திடுக்கிட்டு எழுந்தாள். குப்பி உருண்டு பெஞ்சின் கீழே போனது.

"அக்கா... இது நகப்பூச்சு. சும்மா நிறமில்லாத..."

"நகப்பூச்சா? நாலு வருசமா உன் நகத்துல என்னைக்காவது பூச்சுப் பாத்திருக்கேனா நான்? சாப்பாட்டுல கை வெக்கிறவ நகத்துக்கு எதுக்குடி பூச்சு?"

"நகத்துக்கு இல்லக்கா. இத உள்பக்கம் பூசினா உலோகம் தோல்ல படாது. கம்பெனியில நாங்க..."

"எத்தன நாளா நடக்குது இது? இத்தன நாளா என் கையில இதத்தான் தேய்ச்சுவிட்டியா?"

தலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்பினார்கள். யாரோ மெல்ல, "யான்பியன்காரி" என்றாள். அந்த ஒரு சொல் ஹேரான் காதில் விழுந்ததைப் பில்சுன் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

"இன்னைக்கே அறையைக் காலி பண்ணு. போலீசுக்குப் போறதுக்கு முந்தி போயிடு."

ஹேரான் வளையலைப் பெஞ்சின் மேல் வைத்தாள். "காயறதுக்குள்ள தொட்டுடாதீங்கக்கா, ஒட்டிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள். பில்சுன் வீடு திரும்பியபோது அறை பெருக்கியிருந்தது. சமையல் மேலங்கியை மடித்துச் சாவியை அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பெஞ்சின் கீழிருந்து எடுத்து வந்த குப்பியைப் பில்சுன் பிளாஸ்டிக் பையில் முடிந்து பத்திரப்படுத்தினாள். சாட்சி.

*

முந்நூறு முட்டைக்கோசில் குளிர்காலக் கிம்ச்சி போட்டுத் தருவதாக வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஹேரான் போன பிறகு இரண்டு கையும் உப்புத் தண்ணீரில்தான் கிடந்தன. மூன்று வாரத்தில் முழங்கை வரை ஏறிவிட்டது. கழுத்திலும் கண்ணிமையிலும் தடித்தது. வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிய டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டு, பணம் கூடக் கேட்காமல் போனார். சந்தேகப்பட ஆள் இல்லாத கடையில் பில்சுன் தனியாக நின்றாள்.

டீம் லீடரிடம் கேட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனாள். கதவில் பூட்டுத் தொங்கியது. சுவரொட்டிகளைக் கிழித்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. அவன் கொடுத்த எண் உபயோகத்தில் இல்லை என்று இயந்திரக் குரல் மூன்று தடவை சொன்னது. அப்போதும் அவளுக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை. "பாவம், வேற ஊருல யாருக்கோ கை கொடுக்கப் போயிருப்பான்" என்றே நினைத்தாள்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனாள். வைத்தியத்துக்குப் போகவில்லை. குப்பியில் என்ன நஞ்சு இருக்கிறது என்று எழுதி வாங்கிப் போலீசில் கொடுக்கப் போனாள்.

மருத்துவர் அறுபதை ஒட்டியவர், அதிகம் பேசாதவர். அவர் அவளை அம்மா என்று அழைக்கவில்லை. குப்பியைத் திறந்து மோந்தார். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தார்.

"நகப்பூச்சு. கடையில விக்கிற சாதாரண நகப்பூச்சு. இதுக்கும் உங்க கைக்கும் சம்பந்தமில்ல. வளையலக் கழட்டுங்க."

"அது எதுக்கு?"

"கழட்டுங்க."

பில்சுன் தயங்கினாள். கழட்டினால் எதையோ ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று பட்டது. எதை என்று சொல்லத் தெரியவில்லை. கொக்கியை நீக்கி மேசைமேல் வைத்தாள். கையில் வளையலின் கண்ணிகள் ஒவ்வொன்றும் பதிந்த மாதிரி சிவந்திருந்தது. மருத்துவர் அதையும் வளையலையும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சு சுற்றிய குச்சியில் இரண்டு சோதனைத் திரவங்களிலிருந்து ஒவ்வொரு சொட்டு விட்டு, வளையலின் வெளிப்பக்கத்தில் அரை நிமிடம் தேய்த்தார்.

வெள்ளைப் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறியது.

"நிக்கல். இருந்தாத்தான் இப்படிச் சிவக்கும். சில பேர் தோலுக்கு இது ஒத்துக்காது. ஒருதடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போகாது. உப்புத் தண்ணியிலயும் கையுறைக்குள்ளயும் வெச்சு நல்லா ஊறப்போட்டிருக்கீங்க."

"நஞ்சு வெளிய வருதுன்னு..."

"நஞ்சு உள்ள போகுது." அவர் வளையலைத் திருப்பி, புதுப் பஞ்சால் உட்பக்கத்தைத் தேய்த்தார். பார்த்தார். புருவத்தைச் சுருக்கி வேறோர் இடத்தில் தேய்த்தார். ஓரிடத்தில் சிவந்தது. பக்கத்தில் வெள்ளையாகவே இருந்தது. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் குனிந்தார்.

"இதுல பூசியிருக்காங்க. ஒருதடவை இல்ல. மூணு நாலு அடுக்கு இருக்கு. பழசு தேஞ்சு போன எடத்துல மேல மேல பூசியிருக்காங்க. பூச்சு இருக்கற எடத்துல பஞ்சு சிவக்கல, பாருங்க. யார் செஞ்சது?"

பில்சுன் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீங்க. வேற வழியில்லாம இதச் செஞ்சிருக்காங்க. இது ரெண்டு வாரம் தாங்கினாப் பெருசு. தேயத் தேய விடாம பூசியிருக்காங்கன்னா, உங்க கைமேல உங்களவிட அவங்களுக்கு அக்கறை."

இரண்டு வாரம். சிவப்பு அடங்கிய வாரங்கள், திரும்ப வந்த வாரங்கள். ஒவ்வொரு குளியல் ஞாயிறுக்கும் அடுத்து வந்த நாட்கள். பில்சுன் விரல்விட்டு எண்ணவில்லை, எண்ணத் தேவையில்லாமல் எல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றன.

"டாக்டர்," என்றாள். "அப்ப இது ரத்தத்தையும் ஓட வெக்காதா?"

"வெக்காது."

"என் வீட்டுக்காரர் கையில கெடந்திருந்தா...?"

மருத்துவர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகியிருக்காது. அவர் போனதுக்கு நீங்க வாங்காத எதுவும் காரணம் இல்ல."

பில்சுன் அங்கேயே அழுதாள்.

*

ஹேரானைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. குன்சான் சந்தையில் அவளை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. பேச்சு அவளுக்கு முன்னால் போய்க் கதவை அடைத்திருந்தது. இக்சான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சூப்புக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பில்சுன் பின்வாசல் வழியாகப் போய், கொண்டுபோன சோயாப் பூண்டு டப்பாவை அவள் பக்கத்தில் வைத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தப்பு என்மேலதான் ஹேரான். மன்னிச்சிரு. வந்துரு."

ஹேரான் கையைத் துடைத்துக்கொண்டாள். முதலில் பில்சுனின் மணிக்கட்டைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"ஆறுதா?"

"ஆறுது."

"மருந்து வெச்சீங்களா?"

"வெச்சேன். வா ஹேரான்."

"அக்கா, நான் நஞ்சு வெச்சேன்னு குளியல் கூடத்துல அத்தன பேர் முன்னாடி சத்தமாச் சொன்னீங்க. சந்தை பூராச் சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் பின்வாசல்ல வந்து காதுல சொல்றீங்களே. சந்தேகம் ஊருக்கு, மன்னிப்பு எனக்கு மட்டுமா?"

உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டான். ஹேரான் பூண்டு டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். போகும்போது, "வியாழக்கிழமை எனக்கு லீவு" என்றாள்.

*

அந்த வியாழக்கிழமையே பில்சுன் தன் கடைமுன் குளிர்காலக் கிம்ச்சி போடும் வேலையை வைத்துக்கொண்டாள். வரிசையில் உள்ள பெண்கள் ஒருவர் கடைக்கு ஒருவர் கை கொடுப்பது வழக்கம். உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலை போலக் குவிந்திருந்தது. வேலை முடிந்ததும் எல்லாரும் சாப்பிடப் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் தொட்டிகளைச் சுற்றிக் குந்தி, இலைக்கு இலை மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பில்சுன் மட்டும் கையில் கட்டோடு நின்றாள்.

"ஏ பில்சுன், மகாராணி மாதிரி நிக்கிறே?" என்றாள் தோக்நிம். "அந்த யான்பியன்காரி செஞ்ச வேலை இன்னும் ஆறலியா?"

சந்துமுனையில் ஹேரான் நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை. குளிரில் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டிருந்தாள். பில்சுன் அவளைப் பார்த்துவிட்டாள்.

"இது ஹேரான் செஞ்சது இல்ல," என்றாள் பில்சுன். பிறகு மீன்கடை வரை கேட்கும்படி திரும்பச் சொன்னாள். "ஹேரான் செஞ்சது இல்ல! அந்த வளையல் செஞ்சது. மாடியில முட்டை கொடுத்து விக்கிறப்ப நாமெல்லாம் கை தட்டினோமே, அது. அதுல நிக்கல் இருக்கு. டாக்டர் என் கண்ணு முன்னாடி தேய்ச்சுக் காட்டினார். அன்னைக்கு ஹேரான் அதுல பூசினது, அந்த உலோகம் என் தோல்ல படாம இருக்க. நான் கழட்ட மாட்டேன்னு தெரிஞ்சு, எனக்குத் தெரியாம ஒண்ணரை மாசமா பூசியிருக்கா. அவளத்தான் நஞ்சு வெச்சான்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

தொட்டிகளைச் சுற்றியிருந்தவர்கள் விழுது தடவுவதை நிறுத்தினார்கள்.

"அந்தப் பையன் யாருன்னே தெரியாது எனக்கு. அம்மான்னு கூப்பிட்டான், நம்பிட்டேன். நாலு வருசம் கூட இருந்து முதுகு தேய்ச்சுவிட்டவ கழட்டுன்னு சொன்னா, அவளச் சந்தேகப்பட்டேன். அவ பேச்சு ராகம் வேறங்கறதால சந்தேகப்படறது சுலபமா இருந்துச்சு. ஒடம்புல ஒண்ணு வந்தா, முதல்ல ஒடம்ப ஒட்டிக் கெடக்கற பொருளைச் சந்தேகப்படணும், கழட்டிப் பாக்கணும், டாக்டர்கிட்ட போவணும். நான் மனுசியச் சந்தேகப்பட்டேன். பளபளன்னு இருந்தத நம்பினேன். நீங்களும் அதச் செஞ்சிராதீங்க."

தோக்நிம் சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அதைக் கவனித்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். வளையலைச் சுற்றிச் சின்னதாக ஒரு சிவப்பு.

"எப்பலேர்ந்துடி?"

"போன வாரத்துலேர்ந்து," என்றாள் தோக்நிம், தரையைப் பார்த்துக்கொண்டு. "நஞ்சு வர ஆரம்பிச்சிருச்சுன்னு சந்தோசப்பட்டேன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒன்றிரண்டு பேருக்குத் தொற்றி அடங்கியது. அதற்குள் ஹேரான் கிட்டே வந்திருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் தோக்நிம்மின் முன்னால் குந்தினாள். கையை நீட்டினாள்.

தோக்நிம் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை அதில் வைத்தாள். ஹேரான் கொக்கியைத் திறந்து வளையலைக் கழட்டி, தூரத்தில் இருந்த குப்பை வாளிக்குள் எறிந்தாள்.

"தோக்நிம் அக்கா, கைய நல்ல தண்ணியில கழுவுங்க. உப்புல கை வெக்காதீங்க," என்றாள். பிறகு பில்சுனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "நீங்களும் தள்ளி நில்லுங்கக்கா. விழுதுல பூண்டு பத்தல. யாரு அரைச்சது?"

"நான்தான்," என்றாள் பில்சுன்.

"தெரியுது," என்று சொல்லிவிட்டு, ஹேரான் கையுறையை மாட்டிக்கொண்டாள்.